முதுகில்லாத கொத்தன்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். நான்தான், அப்பா. இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சந்தோஷப்பட்டுவிடாதே. நான் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். உன் கடிதம் வந்தால் அவள்தான் படித்துக் காட்டுவாள்.

போன் பண்ணாததற்குக் காரணம் உண்டு. கலவை மிஷின் பக்கத்தில் நாற்பது வருடம் நின்ற காது இது. போனில் யார் பேசினாலும் தகரத்தில் மழை விழுகிற மாதிரிதான் கேட்கிறது. அது ஒன்று. இன்னொன்று, போனை நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் அது மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீ அனுப்பும் பெட்டிகள் வந்து சேர்கின்றன. பெட்டி அனுப்புகிறாய், ஒரு வார்த்தை அனுப்புவதில்லை. போகட்டும். இடது கை விரல்கள் விறைத்துப்போனபோது ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த பெண், "சின்னச் சின்னதா எதையாவது எடுத்து வச்சுப் பழகுங்க" என்றாள். உனக்கு யார் சொன்னார்களோ, தலையில் குமிழ் வைத்து ஒன்றில் ஒன்று அழுத்திப் பொருத்தும் பொம்மைச் செங்கல் அனுப்பினாய். கிரேன் கட்டினேன், கப்பல் கட்டினேன், தீயணைப்பு வண்டி கட்டினேன். கடைக்காரப் பெண், "வீட்டுல துறைமுகமே வச்சிருக்கீங்களே பெரியப்பா" என்று கேலி செய்கிறாள்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு புத்தகம் வருகிறது பார், அதில் ஓர் எழுத்துகூட இல்லை. படம், அம்புக்குறி, எண், அவ்வளவுதான். எண் எனக்குத் தெரியும், அளவு டேப் பிடித்தவன்தானே. எழுபத்தாறு வயதில் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை நானே படித்து முடித்த முதல் புத்தகம் அதுதான். முடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "பெரியப்பா, இது உங்க மகன் செஞ்ச கேமாம். கடைசியில பேர் வருது பாருங்க" என்றாள். பேரை நான் எங்கே பார்ப்பது? ஆளைப் பார்த்தேன். அறைக்குள் விளையாடுகிறவன் மாட்டிக்கொண்டிருக்கிறான். வாசலில் ஒருவன் நின்று செங்கல் வைத்து வாசலை அடைக்கிறான். பேர் கொத்தன் என்றாள். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. இடது கையில் கலவை பூசும் கரணை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கரணைப் பிடியால் இரண்டு தட்டு தட்டுகிறான். உள்ளே இருக்கிறவன் பதிலுக்குத் தட்டினால் சுவர் இன்னும் ஒரு வரிசை உயர்கிறது. "தட்டக் கூடாது பெரியப்பா, தட்டினா செத்தோம்" என்று அவள் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மாடிக்கு வந்து, கப்பலைப் பிரித்து, கிரேனைப் பிரித்து, இருந்த சாம்பல் நிறக் கட்டைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தேன். அவனைக் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். இதற்குப் புத்தகம் கிடையாது, பார்த்த ஞாபகம்தான். இரண்டு சாண் உயரம் வரும். கால்கள் முடிந்துவிட்டன.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அரை மணி நேரம் பார்த்தேன், அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவன் முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது? தெரிந்தால்தான் கட்ட முடியும்.

அப்பா


பிப்ரவரி 14

அப்பாவுக்கு,

விரல்கள் தேறி வருவது சந்தோஷம். மாத்திரையை விடாதீர்கள்.

அந்தக் கொத்தன் நீங்கள் இல்லை. ஒரு கேமில் வரும் ஆளைத் தனி ஒருவர் செய்வதில்லை. எனக்குக் கீழே ஆறு பேர். ஒருவர் வரைகிறார், ஒருவர் நடக்க வைக்கிறார், ஒருவர் சத்தம் சேர்க்கிறார். எங்கெங்கோ பார்த்த பத்துப் பேரைக் கலந்து ஒருவனைச் செய்கிறோம். தோள் தாழ்ந்த கொத்தனார் உலகத்தில் நீங்கள் ஒருவர்தானா?

முதுகைக் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு முதுகு கிடையாது. மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எங்கள் தொழிலே அப்படித்தான். விளையாடுகிறவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை நாங்கள் செய்வதில்லை, வீண் வேலை. பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் கூடு, முகமூடியின் உட்பக்கம் மாதிரி இருக்கும்.

அதனால் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதைப் பிரித்துவிடுங்கள். கலங்கரை விளக்கம் ஒன்று வந்திருக்கிறது, ஆயிரத்து இருநூறு கட்டை. அடுத்த வாரம் அனுப்புகிறேன். கப்பலைத் திரும்பக் கட்டி அதன் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இதைப் படித்துக் காட்டுகிறவருக்கு என் நன்றி.

உங்கள் மகன்


பிப்ரவரி 25

தம்பிக்கு,

முதுகில்லாத ஆளை உன்னால் செய்ய முடியும். என்னால் முடியாது. கொத்தனார் கட்டும் எதற்கும் இரண்டு முகம் உண்டு. தெருப் பக்கம் மட்டும் பூசிவிட்டு உள்பக்கத்தை அப்படியே விட்டால் வீட்டுக்காரன் விடுவானா?

பத்துப் பேரைக் கலந்து செய்தோம் என்று எழுதியிருக்கிறாய். அவன் கழுத்தில் ஒரு துண்டு கிடக்கிறது. அதன் இடது முனையில் அரை வட்டமாக ஒரு கருகல். உன் அம்மா துண்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் பால்காரனோடு சண்டைக்குப் போய்விட்டாள், அதில் விழுந்தது அது. அந்தத் துண்டை நான் ஒரே மாதம்தான் போட்டேன். அதன் பிறகு அது சாரத்தில் மாட்டிக் கிழிந்தது. எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை செய்த மாதம் அது. உனக்கு வயது ஒன்பது. பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் தூக்குவாளியில் எனக்குச் சாப்பாடு எடுத்து வருவாய், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மேல் பொத்தான் இல்லாமல். அந்த ஆறு பேரில் யாரப்பா அந்தத் துண்டைப் பார்த்தது?

இன்னும் கேள். இடது கை ஆள்காட்டி விரல் நுனி அவனுக்கும் இல்லை. அந்த இடத்தில் ஒற்றைக் குமிழ்க் கட்டை வைத்தேன், அச்சாக அமைந்துவிட்டது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கையே என்னைப் பார்ப்பது போல இருந்தது.

இடுப்பு வரை கட்டியாயிற்று. மாடியில் வெளிச்சம் போதாது என்று கடைக்குக் கொண்டுவந்து கல்லாப் பெட்டியின் மேல் வைத்துக் கட்டுகிறேன். தபால்காரர் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, உசுரோட இருக்கும்போதே சிலை வச்சுக்கிட்டீங்களா?" என்றார். "நீங்க மாலை கொண்டு வர மறந்துட்டீங்க" என்றேன்.

கடையின் பின்பக்கம் இந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள். கண் மங்கிவிட்டது, ஆனால் யார் படியேறினாலும் தலை நிமிரும். அவளுக்கு நிமிர்ந்து பார்ப்பதே வேலை, முப்பத்தொரு வருடமாக. இந்தப் பெண்ணின் அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. வேறு ஒருத்தியோடு ஓடிப்போய்விட்டார் என்று பேச்சு. அப்போது இவளுக்கு நான்கு வயது. இதைச் சொல்லும்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, "என் கதையையும் எழுதணுமா பெரியப்பா?" என்றாள். எழுதம்மா என்றேன். எழுதிவிட்டாள்.

அந்த அம்மா நேற்று கிட்டே வந்து பொம்மையைத் தடவிப் பார்த்து, "யாரு இது, தலை இல்லாம?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன் தம்பி. விளையாடுகிறவன் அறைக்குள் இருக்கிறான். கொத்தன் வெளியே நின்று அடைக்கிறான். உள்ளே இருப்பவன் கண்ணுக்கு முதுகு எப்படித் தெரியும்? நீ மறைத்தது முதுகை இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவனை.

அப்பா


மார்ச் 8

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

துண்டு உண்மைதான். பொத்தான் இல்லாத நீலச் சட்டையும் உண்மைதான்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது புதிதும் இல்லை. அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பிய அன்று, மாடிப்படியில் உட்கார்ந்து உங்களிடம் கேட்டேன். "பழசை எதுக்குடா இப்பக் கிளறுற" என்று எழுந்து போய்விட்டீர்கள். எட்டு வருடமாக நான் உங்களோடு பேசாததற்குச் சொத்து காரணம் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அது இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கேள்வியை இங்கே எழுத முடியாது. எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை, வேறொருவர்தான் படிப்பார்.

அப்பா, கடிதம் படித்துக் காட்ட வேறு யாரும் இல்லையா? தபால்காரர் இருக்கிறாரே, அவரிடம் கேட்கலாமே. மருந்துக்கடைக்காரர்? ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த அந்தப் பெண்? இப்போது இதைப் படித்துக் காட்டுகிறவர் தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை சொல்லும் இடத்தில் நான் இல்லவே இல்லை. இது அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் உள்ள விஷயம். தயவுசெய்து இந்த வரியோடு நிறுத்திவிடுங்கள்.

அப்பா, எத்தனையோ வீடு இருக்க, எப்படி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்? தெரியாமல் போனீர்களா, தெரிந்தே போனீர்களா?

கேள்வியைக் கேட்க வேறு வழி யோசிக்கிறேன். அதுவரைக்கும் அந்த உருவத்துக்குத் தலை வைக்காதீர்கள். கல்லாப் பெட்டியின் மேலிருந்து எடுத்துவிடுங்கள். கடையின் பின்பக்கம் இருக்கும் அந்த அம்மா கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.

மகன்


மார்ச் 16

தம்பிக்கு,

நிறுத்தச் சொன்ன வரியில் அவள் நிறுத்தினாள். "நிறுத்தட்டுமா பெரியப்பா?" என்று கேட்டாள். படி என்றேன். முழுவதையும் படித்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடித்ததும் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, "உங்க மகனுக்கு என்னைத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப எதுக்குப் பயப்படுறாரு?" என்றாள். வாடிக்கையாளர் ஒருவர் அடையாள அட்டை நகலெடுக்க வந்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

வேறு ஆளைப் பிடிக்கச் சொல்கிறாய். வேண்டாம். அவள் வெளியாள் இல்லை.

தலை வைத்துவிட்டேன். நீ சொல்வதற்கு முன்பே வைத்தாயிற்று. முகம் மட்டும் வைக்கவில்லை. காலையில் நான் இறங்கி வரும்போது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். நான் நேராக வைத்துவிட்டுப் போவேன், மறுநாளும் திரும்பி நிற்பான். மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் கேட்டேன். அவள் அம்மாதான் திருப்பி வைக்கிறாளாம். "முகமில்லாம என்னையே பாக்குறான், எனக்குப் பிடிக்கல" என்றாள் அந்த அம்மா.

இப்போதெல்லாம் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடை ஷட்டரை இறக்கியதும் தெரு அடங்கிவிடும். அந்த நேரம் கேட்காத காதில் ஒரு சத்தம் வருகிறது. மிஷின் சத்தம் இல்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு கணக்கு இருக்கிறது. டாக்டர் நரம்பு என்கிறார்.

தெரிந்தே வந்தேனா என்று கேட்டாய். உன் வழியில் உன் கேள்வியைக் கேள். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

இத்துடன் ஒரு பெட்டி. உள்ளே ஒரு புத்தகம் இருக்கிறது, நானே வரைந்தது. அதில் எழுத்து இல்லை. படிக்க உங்களுக்கு ஆள் தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகப் படியுங்கள். படிகள் இருபத்திரண்டு. கடைசிப் படிக்கு மட்டும் எனக்குப் பதில் வேண்டும். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

மகன்


ஏப்ரல் 11

தம்பிக்கு,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். தொடங்கும்போதே இவளிடம் சொல்லிவிட்டேன், "இன்னைக்கு நான் என்ன சொன்னாலும் எழுதும்மா. நடுவுல நிறுத்தாத. என்னைக் கேட்கணும்னா கடைசியில கேளு." சரி என்று தலையாட்டியிருக்கிறாள்.

உன் புத்தகத்தைப் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் படித்தேன். நன்றாக வரைகிறாய். சின்ன வயதில் சுவரில் கரியால் கிறுக்கினதற்கு உன்னை அடித்திருக்கிறேன்.

முதல் பையில் செங்கல் நிறக் கட்டைகள். சுவர். நீ எத்தனை வரிசை போட்டிருந்தாய் என்று எண்ணினேன். பதினாறு. சரியாக அதுதான், தம்பி. நான் வைத்தது பதினாறு வரிசை. ஒன்பது வயதுப் பிள்ளை நின்ற இடத்திலிருந்து எண்ணியிருக்கிறாய். ஞாபகம் உனக்கு என் பக்கமிருந்து வந்திருக்கிறது, பாவம்.

இரண்டாம் பையில் என் முதுகு. வேர்வையில் சட்டை ஒட்டியிருக்கும் இடத்தைக் கருஞ்சாம்பலால் காட்டியிருந்தாய். மூன்றாம் பையில் நீ. நீலக் கட்டை இரண்டு, கையில் வெள்ளிக் கட்டையால் தூக்கு. உன்னை என் பின்னால் ஆறு குமிழ் தள்ளி நிறுத்தச் சொல்லி அம்புக்குறி போட்டிருந்தாய்.

நான்காம் பையைப் பிரிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் வைக்க ஒரு சின்ன ஆள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். நிறம் இல்லை, வெறும் வெள்ளை. கையில் ஒன்றும் கொடுக்கவில்லை நீ. அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பாய். பழைய கிரேனின் கொக்கி ஒன்று என்னிடம் இருந்தது. கம்பி முறுக்கும் கொக்கி மாதிரியே இருக்கும். அதை நான் அவன் கையில் வைத்தேன்.

இருபத்திரண்டாம் படி. என் கரணைப் பிடி சுவரைத் தொடுகிறது, இரண்டு புள்ளி. அந்தப் பக்கமிருந்து இரண்டு புள்ளி. அதற்குக் கீழே உன் சின்னக் கை, மூடிய முஷ்டி, ஐந்து புள்ளி. அந்தப் பக்கமிருந்து ஐந்து. அதன் கீழே பெரிதாக ஒரு கேள்விக்குறி. அது கேள்விக்குறி என்று எழுத்தறியாதவனுக்கும் தெரியும்.

சொல்கிறேன்.

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், எல்லா மாடியிலிருந்தும் குழாய்கள் இறங்கும் சதுரக் குழி ஒன்று இருந்தது. அதற்கு அடியில் ஆள் நுழையும் அளவு திறப்பு. அன்று காலை மேஸ்திரி வந்து, "மத்தியானம் அதிகாரி பாக்க வர்றார். அதுக்குள்ள இதை மூடிடு" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டு. பலகையும் குப்பையும் குவிந்து கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் மூன்றாவது மாடியிலிருந்து ஒருவன் அந்தக் குழிக்குள் விழுந்திருக்கிறான், பலகைக்குப் பின்னால் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதை மட்டும் நீ நம்ப வேண்டும். மூடும்போது எனக்குத் தெரியாது.

கடைசிச் செங்கல் வைத்துக் கலவையை வழித்தேன். நீ தூக்கோடு வந்தாய். "அப்பா, உள்ள யாரோ தட்டுறாங்க" என்றாய். எனக்கு முன்னால் உன் காதில் விழுந்தது. பிறகு எனக்கும் விழுந்தது.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "யாருமில்லடா, எதிரொலி. இங்க பாரு" என்று கரணைப் பிடியால் இரண்டு தட்டினேன். இரண்டு வந்தது. "பாத்தியா?" என்றேன். நீ சிரித்தாய். நீ மூன்று தட்டினாய், மூன்று வந்தது. ஐந்து தட்டினாய், ஐந்து வந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ விளையாடினாய். பிறகு தூக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாய்.

தம்பி, ஈரச் சுவர் எதிரொலிக்காது. கலவை காயாத சுவரில் தட்டினால் சத்தம் பொத்தென்று அங்கேயே அடங்கிவிடும். சித்தாள் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் விஷயம் அது. நான் அப்போது இருபத்தெட்டு வருடம் கரணை பிடித்தவன். எனக்குத் தெரியும். இரண்டாவது தட்டு வந்தபோதே தெரியும்.

உன் கேள்விக்குப் பதில்: அது எதிரொலி இல்லை.

மேஸ்திரியிடம் ஓடினேன். அவர் என் சட்டையைப் பிடித்து, "இப்ப இடிச்சா வேலை நிக்கும், எல்லாரும் உள்ள போவோம். அதிகாரி போகட்டும், சாயங்காலம் திறந்துக்கலாம். ஒரு மத்தியானம் தாங்க மாட்டானா?" என்றார். சாயங்காலம் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ கொண்டுவந்ததைச் சாப்பிட்டேன்.

அதிகாரி வர மூன்று மணி. போக ஐந்தரை. அவர் கிளம்பியதும் இறங்கிப் போய் இரண்டு தட்டினேன். பதில் வரவில்லை. இன்னும் இரண்டு. வரவில்லை. கரணையை வீசிவிட்டு உளியை எடுத்தேன். மேஸ்திரி பின்னால் வந்து நின்று, "இனி திறந்து என்ன ஆகப்போவுது?" என்றார். உளியைக் கீழே வைத்தேன். மறுநாள் அந்தச் சுவரை நானே பூசினேன். நல்ல பூச்சு. இன்றைக்கும் விரிசல் இருக்காது.

நீ விளையாடியதாக நினைத்து உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். நீ விளையாடவில்லை, நான் உன்னை விளையாட விட்டேன். இரண்டும் வேறு. ஆனால் உள்ளே இருந்தவனை நினைத்துப் பார். நீ ஐந்து தட்டினாய், அவன் எண்ணி ஐந்து தட்டினான். வெளியே ஒருவன் கேட்டுவிட்டான், இதோ திறக்கப்போகிறான் என்றுதான் அவன் எண்ணியிருப்பான்.

அன்றும் மறுநாளும் வேலைக்கு வராதவன் ஒருவன்தான். கம்பி கட்டுபவன். ஓடிப்போய்விட்டான் என்று முதலில் சொன்னது மேஸ்திரி. அதற்குத் தலையாட்டியது நான். அவன் மனைவி, இடுப்பில் நான்கு வயதுப் பெண்ணோடு, மூன்று நாள் வேலியோரம் நின்றாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கையசைத்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் குடி வந்தபோது உன் அம்மா, "சுவரெல்லாம் ஈரம், இந்த வீடு எதுக்கு?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் பெண் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். தினமும் படியிறங்கும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று இறங்குவேன். "சாப்பிட்டீங்களா பெரியப்பா?" என்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகவில்லை. உனக்குச் சொல்வது போல அவளுக்குச் சொல்லிவிட்டேன். நீ வேறு ஆள் பார்க்கச் சொன்னபோது ஏன் முடியாது என்றேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

தம்பி, கொஞ்ச நேரம் அவள் பேனா நகரவில்லை.

இப்போது கேட்டாள், "எந்தப் பக்கம் பெரியப்பா?" என்று. என்னம்மா என்றேன். "எந்தப் பக்கத்துச் சுவர்?" என்றாள். சரிவுப் பாதை வழியாக இறங்கினால் இடது பக்கம், இரண்டாவது தூணுக்கும் மூன்றாவது தூணுக்கும் நடுவில் என்றேன். "சரி. அடுத்து என்ன எழுதணும்?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டவில்லை. எழுதுகிறாள்.

அடுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் சொன்னதைத்தான் அவள் எழுதியிருப்பாளா, கூட்டியிருப்பாளா, குறைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. எப்படி எழுதியிருந்தாலும் அதுவே சரி என்று வைத்துக்கொள்.

அப்பா


இதற்குக் கீழே இருப்பது நான் எழுதுவது. அவர் சொன்னது இல்லை.

மேலே உள்ளதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு பிரதி எடுத்து நான் வைத்துக்கொண்டேன். கடை என்னுடையதுதானே. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமோ அவர்களிடம் நாளை கொடுப்பேன். அவருக்கும் சொல்லிவிட்டேன். "கொடும்மா" என்றார். கடையைப் பூட்டும் நேரம் ஆகிவிட்டது, அவர் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போகச் சொல்லவும் எனக்கு மனமில்லை, இருக்கச் சொல்லவும் மனமில்லை.

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் என் அம்மா பத்து வருடம் பெருக்கும் வேலை பார்த்தாள். வண்டி நிறுத்தும் அடித்தளமும் அவள் பங்கில்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கேதான் வருவேன். சரிவில் இறங்கி, இடது பக்கம், இரண்டாவது தூணுக்கும் மூன்றாவது தூணுக்கும் நடுவில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். அங்கேதான் சுவர் வழுவழுவென்று இருக்கும். என் எழுத்து அங்கே பழகியதுதான்.

நீங்கள் கட்டச் சொன்னதை அவர் முழுதாகக் கட்டிக் கல்லாப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறார். முகம் மட்டும் இன்னும் இல்லை. நான் சுவரைப் பிரித்தேன். பதினாறு வரிசையையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே இருந்த சின்ன ஆளை வெளியே எடுத்து வைத்தேன். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா அதை எடுத்துக்கொண்டாள். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவுகிறாள். முழங்காலைத் தடவினாள். இப்போது கையில் இருக்கும் கொக்கியைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"இது யாரு?" என்று கேட்கிறாள்.

இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டாள். கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கிளம்பி வாருங்கள்.